உழுத நிலமும் உழாத நிலமும்
மண்ணிலுள்ள கரிச்சத்தும் அதனை ஆளும் நுண்ணுயிர்களும்

புஞ்சை ஜில்லாக்களில் செய்முறை விளக்க வேலையாகக் கிராமங்களுக்குச் செல்லும்பொழுது, அடிக்கடி நம் முன் வைக்கப்படும் வினா ஒன்றுண்டு. "ஐயா, பாட்டனார் காலந்தொட்டு மாடு மேயவிட்டிருந்த காட்டை உழுது சோளம் விதைத்தேன். எருவே இடாமல் முதல் மூன்று வருஷம் நன்றாய் விளைந்தது. நான்காம் வருஷந்தொட்டுப் பயிர் சோர்ந்துவிட்டது. மழையும் குறையவில்லை, விதையும் மாறவில்லை. மண்ணுக்கு என்ன நேர்ந்தது?" என்று கேட்கிறார்கள். தோப்பை வெட்டிப் புஞ்சையாக்கினவர்களும், பல வருஷம் தரிசாய்க் கிடந்ததைத் திருத்தினவர்களும் இதே வினாவைக் கேட்பதுண்டு.

இதற்கு விடை சுருக்கமானது. மண் மாறவில்லை, மண்ணில் நெடுங்காலம் சேர்ந்திருந்த கைமுதல் மூன்று வருஷத்தில் பெரிதும் செலவாகிவிட்டது. அந்தக் கைமுதல் யாது, அதைச் செலவிடுவோர் யாவர், எவ்வகை நிலத்தில் அது சேர்கிறது, எவ்வகை நிலத்தில் கரைகிறது என்பவற்றை நிலமுடையோர் அறிந்துகொள்வது அவசியம். அறிந்தவர் உழுமுன் கணக்குப் பார்ப்பார். அறியாதவர் நான்காம் வருஷத்தில் திகைப்பார்.

மண்ணிலுள்ள கரி

பயிர்களும் மரங்களும் காற்றிலுள்ள கரியமிலவாயுவை இலைகளால் உட்கொண்டு, சூரிய வெளிச்சத்தின் துணையால் அதனைத் தம் உடலாக மாற்றுகின்றன. ஈரம் நீக்கி உலர்த்திய தழை, தண்டு, வேர் ஆகியவற்றில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு கரியே ஆகும். சருகு உதிர்ந்தும், வேர் மடிந்தும், சாணமாகியும் இந்தக் கரி மண்ணைச் சேருகிறது. இங்கே கரி என்பது அடுப்புக்கரி அன்று. உயிருள்ளவற்றின் உடலிலிருந்து வந்து, மக்கியும் மக்காமலும் மண்ணோடு கலந்திருக்கும் சத்தையே கரிச்சத்து என்கிறோம். அது முற்ற மக்கிக் கருநிறமாய் மண்துகளோடு ஒட்டி நிற்கும் நிலையில் மக்கு எனப்படும்.

இச்சத்தினால் வரும் நன்மைகள் மூன்று. மண்துகள்களை ஒட்டிப் பொலபொலவென்ற சிறு கட்டிகளாக்கி, நீரும் காற்றும் நுழைய வழி செய்வது ஒன்று. மழைநீரைப் பிடித்துவைத்து, வறட்சியில் பயிருக்குச் சில நாள் கூடுதலாகக் கொடுப்பது மற்றொன்று. தழைச்சத்தின் பண்டசாலையாக நிற்பது மூன்றாவது. மேல்மண்ணிலுள்ள தழைச்சத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேற்பட்டது இக்கரியோடு சேர்ந்தே இருக்கிறது. ஏறக்குறைய 11 பங்கு கரிக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்று கொள்ளலாம்.

ஓர் ஏக்கர் நிலத்தில் 6 அங்குல ஆழம் வரையுள்ள மேல்மண் ஏறத்தாழ 9 லட்சம் கிலோகிராம் எடையுள்ளது. மண் பரிசோதனையில் கரிச்சத்து நூற்றுக்கு 0.5 என்று வந்தால், அந்த ஏக்கரில் 4,500 கிலோ கரியும், அதனுடன் சுமார் 400 கிலோ தழைச்சத்தும் உள்ளன என்பது பொருள். இதுவே அந்நிலத்தின் கைமுதல். இதில் வருஷந்தோறும் சிறு பங்கே பயிருக்கு எட்டும் நிலைக்கு வருகிறது. அச்சிறு பங்கே வட்டி போன்றது.

கைமுதலை ஆளும் நுண்ணுயிர்கள்

நல்ல மேல்மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதில் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் பத்துக்கோடிக்கு மேல் இருக்கும். இவற்றோடு நூலினும் மெல்லிய இழைகளாய்ப் படரும் பூசணங்களும் உண்டு. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனை, இவற்றுள் இழைபோல் வளரும் ஒருவகைப் பாக்டீரியா செய்யும் பொருளால் வருவது. இவ்வளவு எண்ணிக்கை இருந்தும், மண்ணிலுள்ள மொத்தக் கரியில் நூற்றுக்கு 1 முதல் 5 பங்கே இவற்றின் உடலாக இருக்கிறது. சிறு குடும்பம் பெரிய பண்டசாலையை ஆளுவது போன்றது இது.

இவ்வுயிர்களுக்கு ஆகாரம் கரி. அதனைத் தின்று, நம்மைப்போலவே பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. தின்பதில் பெரும்பகுதி இவ்வாறு மூச்சாகக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு பகுதி அவற்றின் உடலாகிறது. மீதி மக்காக நிற்கிறது. கரியைத் தின்னும்போது அதிலிருந்த தழைச்சத்தில் தமக்கு வேண்டியது போக எஞ்சியதை மண்ணீரில் விடுகின்றன. அதுவே பயிரின் உணவு. ஆகவே நுண்ணுயிர்கள் செலவு செய்யாவிட்டால் பயிருக்கு ஒன்றும் கிட்டாது. வரவின்றிச் செலவே செய்தால் பண்டசாலை காலியாகும். இவ்விரண்டையும் ஒருங்கே நினைவில் வைக்கவேண்டும்.

இவை சுறுசுறுப்பாய் வேலை செய்ய உணவு, ஈரம், காற்று, உஷ்ணம் ஆகிய நான்கும் வேண்டும். நமது நாட்டில் உஷ்ணத்திற்குக் குறைவில்லை. ஜென்கின்ஸன், அயனாபா என்னும் இருவர் 1977ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரே வகைப் புல்லை இங்கிலாந்திலும் நைஜீரியாவிலும் மண்ணில் சேர்த்துப் பார்த்தபொழுது, மக்கும் முறை இரண்டிடத்தும் ஒன்றாகவும், வேகம் மட்டும் நைஜீரியாவில் நான்கு மடங்காகவும் இருக்கக் கண்டனர். குளிர்நாட்டில் நான்கு வருஷத்தில் கரைவது வெப்பநாட்டில் ஒரு வருஷத்தில் கரையும் என்றால், நாம் எவ்வளவு அடிக்கடி எருவிடவேண்டும் என்பது விளங்கும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. கோடையில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்தவுடன் நுண்ணுயிர்களின் வேலை சில நாட்களுக்கு மிகுந்து, தழைச்சத்து ஒருமிக்க வெளிப்படுகிறது. கீனியா நாட்டில் பிர்ச் என்பவர் இதனை விரிவாய் ஆராய்ந்து 1958ல் எழுதினார். முதல் மழைக்கே விதைக்கவேண்டுமென்று நம் முன்னோர் அவசரப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணமாகும். விதைப்புத் தாமதித்தால் வெளிப்பட்ட சத்தைப் பின்மழை அடித்துக் கீழே இறக்கிவிடும்.

நிலத்தின் உபயோகமும் வரவுசெலவும்

ஒரே மண், ஒரே மழை, ஒரே ஊர் ஆயினும், நிலத்தை உபயோகிக்கும் வகையால் கரிச்சத்து வெவ்வேறாகும். அதனை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

தோப்பும் காடும்: இங்கே சருகு ஆண்டு முழுதும் உதிர்கிறது. நிழலால் மண் சூடேறுவதில்லை. உழவு இல்லாமையால் பூசண இழைகள் அறுபடுவதில்லை. வரவு மிகுதி, செலவு நிதானம். கோயிற்காடுகளின் மண் கறுத்துப் பஞ்சுபோலிருப்பதைக் காலால் மிதித்தே அறியலாம். நீலகிரியின் சோலைகளிலும் புல்வெளிகளிலும் குளிரும் சேர்ந்துகொள்வதால் கரி மேலும் மிகுந்து நிற்கிறது. ஆனால் பெயரளவில் தோப்பாயிருந்தால் போதாது. அடியில் புல் முளைக்காமல் உழுது, மட்டையையும் பன்னாடையையும் எரித்துவிடும் தென்னந்தோப்பின் மண் பக்கத்துப் புஞ்சையைவிடச் சிறந்ததாய் இராது.

மேய்ச்சல் நிலம்: கொங்குநாட்டில் காங்கேயம் சுற்றுப்புறங்களிலுள்ள கொறங்காடுகள் இதற்கு நல்ல உதாரணம். கிளுவை வேலி சூழ, வெள்வேல மரங்கள் நிற்க, கொழுக்கட்டைப் புல் மண்டிய இந்நிலங்கள், மழை குறைந்த, ஆழமில்லாத மண்ணிலும் தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகளைக் காத்துவந்திருக்கின்றன. புல்லின் வேர் பலவாய்க் கிளைத்து ஆண்டுதோறும் ஒரு பகுதி மடிந்து மண்ணுக்குள்ளேயே கரியைச் சேர்க்கிறது. மேலே விழும் சருகைக் காட்டிலும் உள்ளே மடியும் வேரே மக்காக நிலைப்பதற்கு ஏற்றது. மாட்டின் சாணமும் அங்கேயே விழுகிறது. ஆயினும் புல் தலையெடுக்கவிடாமல் ஓயாது மேய்த்தால், இலையற்ற புல் வேரை வளர்க்கமாட்டாது, வரவு நின்றுவிடும்.

நஞ்சை: நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு அரிது. ஆகவே நுண்ணுயிர்கள் கரியை மெதுவாகவே கரைக்கின்றன. தாளும் வேரும் அங்கேயே தங்குகின்றன. அன்றியும் வயல்நீரில் படரும் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கிறது; இதனை 1939ல் நிரூபித்தவர் பி. கே. டே என்னும் இந்திய விஞ்ஞானி. எருவில்லாமலும் நஞ்சை ஓரளவு விளைவதன் இரகசியம் இதுவே. அடுத்துள்ள புஞ்சையைக் காட்டிலும் நஞ்சையில் கரி மிகுந்திருப்பது சாதாரணம்.

தோட்டக்கால்: கிணற்றுப் பாசனத்தால் ஈரமும், அடிக்கடி கொத்துவதால் காற்றும் இடைவிடாது கிடைப்பதால் நுண்ணுயிர்கள் வருஷம் முழுதும் வேலை செய்கின்றன. வரவும் மிகுதி, செலவும் மிகுதி. எரு தாராளமாய் இடுவோர் தோட்டம் செழிக்கும். உப்புரத்தை மட்டும் நம்புவோர் தோட்டத்தில் கரி படிப்படியாய்க் குறையும்.

மானாவாரிப் புஞ்சை: வருஷத்தில் நான்கைந்து மாதமே பயிர் நிற்கும். தட்டை மாட்டுக்கும், கட்டை அடுப்புக்கும் போய்விடும். எஞ்சிய மாதங்களில் வெற்றுமண் வெயிலில் காயும். ஒவ்வோர் உழவும் கட்டிகளை உடைத்து, உள்ளே ஒளிந்திருந்த கரியை நுண்ணுயிர்களுக்குக் காட்டிக்கொடுக்கிறது. இதனோடு கரி மிகுந்த மேல்மண்ணையே மழைநீர் முதலில் அரித்துச் செல்கிறது. வரவு குறைவு, செலவு மிகுதி. ஆகவே இவ்வைந்திலும் கரி குறைந்து நிற்பது பெரும்பாலும் இந்நிலமே.

புதுநிலம் முதலில் விளைவதேன்?

இப்பொழுது முதலில் கேட்ட வினாவுக்கு வருவோம். மேய்ச்சல் காட்டை உழும்பொழுது, பல்லாண்டு சேர்ந்த வேரும் மக்கும் ஒரே நாளில் காற்றுக்கும் ஈரத்துக்கும் திறந்துவிடப்படுகின்றன. நுண்ணுயிர்கள் விருந்துண்பதுபோல் அவற்றைத் தின்று, தழைச்சத்தைத் தாராளமாய் வெளிவிடுகின்றன. அந்த மூன்று வருஷ விளைச்சல் அந்த விருந்தின் பயன். எளிதில் மக்கக்கூடியவை தீர்ந்தபின், மண்துகளோடு ஒட்டிய பழைய மக்கு மட்டுமே எஞ்சும். அது மெதுவாகவே கரையும். உணவு குறைந்த நுண்ணுயிர்களின் தொகையும் சுருங்குகிறது, பயிரும் சோர்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான பாடம் தெரிகிறது. நுண்ணுயிர்களின் சுறுசுறுப்பு மட்டும் மண்வளத்துக்கு அடையாளம் ஆகாது. புதிதாய் உழுத நிலத்திலும் சுறுசுறுப்பு மிகுதி. ஆனால் அது கைமுதலை விற்றுச் செலவு செய்யும் வீட்டின் ஆரவாரம். ஆண்டுதோறும் சருகும் வேரும் எருவும் வந்து, அதனால் சுறுசுறுப்பு நிலையாய் இருப்பதே வளத்தின் அடையாளம்.

நெடுங்காலப் பரீட்சைகள்

கரிச்சத்து ஏறுவதும் இறங்குவதும் பல்லாண்டுகளில் நிகழ்வது. ஒரு மனிதர் தம் ஆயுளில் அதனை முழுதும் காண்பதரிது. ஆகையால் ஒரே நிலத்தில் நூறு வருஷத்துக்கு மேல் நடந்துவரும் பரீட்சைகளே இதில் நம்பத்தக்க சாட்சி. அவற்றுள் மிகப் பழமையானது இங்கிலாந்திலுள்ள ராதம்ஸ்டெட் பண்ணையில் 1843ல் தொடங்கிய கோதுமை வயற் பரீட்சை. சீதோஷ்ணம் வேறாயினும் அங்குக் கண்ட விதி இங்கும் பொருந்தும்; வேகம் மட்டுமே மாறும்.

அந்தக் கோதுமை வயலின் ஒரு மூலையை 1882ல் அறுக்காமலும் உழாமலும் விட்டுவிட்டனர். நான்கு வருஷத்தில் கோதுமை ஏறக்குறைய மறைந்து, களை மண்டி, பின் அது மரக்காடாயிற்று. ஒரு நூற்றாண்டில் அதன் மேல்மண்ணிலுள்ள கரி இருமடங்குக்கு மேற்பட்டது. இதற்கு எதிராக, அதே பண்ணையில் நெடுங்காலம் புல்வெளியாயிருந்த நிலத்தின் ஒரு பகுதியை 1959 முதல் ஒரு புல்லும் முளைக்கவிடாமல் வெறுமையாய் வைத்தனர். ஐம்பது வருஷத்தில் அதன் கரி பாதிக்கு மேல் குறைந்தது. அம்மண்ணின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2009ல் வெளியிட்ட முடிவு கவனத்துக்குரியது. அவற்றின் தொகை மிகக் குறைந்திருந்தது. ஆனால் அவற்றின் வகைகள் குறையவில்லை. பட்டினியால் குடும்பம் சுருங்கியதே அன்றி வமிசம் அழியவில்லை. உணவு கொடுத்தால் மீண்டும் பெருகும் என்ற நம்பிக்கைக்கு இது இடமளிக்கிறது.

மற்றொரு வயலில் 1852 முதல் 1871 வரை இருபது வருஷம் தொழுவுரம் இட்டுப் பின் நிறுத்திவிட்டனர். நூறு வருஷத்துக்குப் பின்னும், ஒருபொழுதும் எருவிடாத பாத்தியைவிட அப்பாத்தியில் கரி மிகுந்தே இருந்தது. பாட்டன் இட்ட எரு பேரனுக்கு உதவும் என்பது வெறும் பேச்சன்று.

நமது நாட்டில் கோயம்புத்தூரில் 1909ல் தொடங்கிய நிரந்தர உரப் பரீட்சையும் இதையே காட்டுகிறது. ஒன்றும் இடாத பாத்தியைக் காட்டிலும், உப்புரம் மட்டும் இட்ட பாத்தியைக் காட்டிலும், தொழுவுரம் இட்டுவந்த பாத்தியில் கரிச்சத்து மிகுந்து நிற்கிறது. உப்புரம் மண்ணுக்குப் பகை என்று இதனால் கொள்ளலாகாது. உப்புரத்தால் பயிர் பெருத்தால் வேரும் தாளும் பெருகி, ஓரளவு கரி சேரும். ஆனால் அது கரியைத் தானே கொண்டுவருவதில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க பரீட்சைகள்

மேற்சொன்னவற்றைப் பிறர் வாக்கால் நம்பவேண்டியதில்லை. ஒரே மண்வகையுள்ள மூன்று நிலங்களிலிருந்து, அதாவது தோப்பு அல்லது வேலியோரம், மேய்ச்சல் நிலம், உழுத புஞ்சை ஆகியவற்றிலிருந்து, மேல் 4 அங்குல மண்ணை எடுத்துக்கொள்க.

முதற் பரீட்சை: ஒவ்வொன்றிலும் நெல்லிக்காயளவு காய்ந்த கட்டியைக் கண்ணாடித் தம்ளரிலுள்ள நீரில் மெதுவாக விடுக. கரி குறைந்த கட்டி சில நிமிஷங்களில் கரைந்து சேறாகும். கரி மிகுந்த கட்டி வெகுநேரம் உருக்குலையாமல் நிற்கும். உங்கள் நிலத்தில் மழை விழும்போது நடப்பதும் இதுவே.

இரண்டாம் பரீட்சை: வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்பில் ஒரு கரண்டி எடுத்து ஒரு புட்டி நீரில் கலக்கி, இறுக மூடி ஓர் இரவு தெளியவிட்டு, மேல்தெளிவை மட்டும் வடித்துக்கொள்க. மூன்று மண்ணையும் நீர் தெளித்து, பிழிந்தால் நீர் சொட்டாத ஈரத்தில் ஒரு வாரம் வைத்தபின், ஒரே அளவாக மூன்று அகன்ற வாய்ப் புட்டிகளில் இடுக. ஒவ்வொன்றிலும் சுண்ணாம்புத் தெளிவுள்ள சிறு கிண்ணம் ஒன்றை வைத்து இறுக மூடுக. நான்காவது புட்டியில் மண்ணின்றிக் கிண்ணம் மட்டும் இருக்கட்டும். காலையும் மாலையும் பார்த்துவந்தால், நுண்ணுயிர் மிகுந்த மண்ணுள்ள புட்டியில் தெளிவின்மேல் வெள்ளை ஏடு முதலில் படியும். அது நுண்ணுயிர்கள் விட்ட மூச்சு. சுண்ணாம்புத் தெளிவு கண்ணில் தெறியாதபடி, சிறுபிள்ளைகள் எடுக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் பரீட்சை: ஒரே துணியில் கிழித்த புதிய வெள்ளைப் பருத்தித் துண்டுகளை, மழைக்காலத்தில் மூன்று நிலத்திலும் 5 அங்குல ஆழத்தில் புதைத்து அடையாளக் குச்சி நடுக. இரண்டு மாதம் கழித்துத் தோண்டி ஒப்பிடுக. பருத்தியும் கரியே ஆதலால், நுண்ணுயிர் மிகுந்த மண்ணில் துணி இற்றுப்போயிருக்கும். குறைந்த மண்ணில் கறைபடிந்து அப்படியே இருக்கும்.

செய்யத்தக்கவை

1. முதலாவது, வரவை எரிக்காதிருத்தல். தாள், கரும்புச் சோகை, தென்னை மட்டை ஆகியவற்றை எரித்தால் கரியும் தழைச்சத்தும் காற்றோடு போகும். சாம்பல் மட்டுமே மிஞ்சும். சோகையை வரப்பிடையில் பரப்பலாம். உரிமட்டையைத் தென்னையைச் சுற்றிக் குழியெடுத்துப் புதைக்கலாம். வைக்கோலும் தட்டுமாகிய வறண்ட பொருள்களில் கரி மிகுதி, தழைச்சத்துக் குறைவு. அவற்றைப் பச்சையாய் மண்ணில் சேர்த்து உடனே விதைத்தால், நுண்ணுயிர்கள் தமக்கு வேண்டிய தழைச்சத்தை மண்ணிலிருந்தே பிடுங்கிக்கொள்ளும், பயிர் வெளுக்கும். ஆகையால் சாணத்துடன் குழியில் மக்கவைத்தே இடுவது நன்று.

2. ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் என்பது இலாகா சொல்லும் அளவு. எருவைக் குழியில் நிழலில் சேர்த்து, மண்பூசி மக்கவைக்கவேண்டும். வயலில் சிறு குவியலாய்க் கொட்டி வாரக்கணக்கில் வெயிலில் காயவிடுவது வீண். பரப்பிய அன்றே உழுது மூடுக. ஆட்டுக்கிடை அமர்த்துவது புஞ்சைக்குக் கைகண்ட முறை.

3. நஞ்சையில் நடவுக்கு முன் தக்கைப்பூண்டு அல்லது சணப்பு விதைத்து, ஆறேழு வாரத்தில் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுக. செம்மண் காடுகளில் கொழிஞ்சி எளிதில் வளரும். இளந்தழை விரைவில் மக்கிப் பயிருக்கு உடனே உணவாகும். மக்காக நிலைப்பது சிறிது. மக்கிய எரு மெதுவாய்ப் பயன்பட்டு நெடுநாள் நிலைக்கும். ஒன்று அன்றாடச் செலவுக்கு, மற்றொன்று சேமிப்புக்கு. இரண்டும் வேண்டும்.

4. புஞ்சையை வெறுமையாய்க் கிடத்தும் நாட்களைக் குறைக்க வேண்டும். சோளத்தோடு தட்டைப்பயறோ துவரையோ ஊடுபயிராக்கலாம். நெல்லறுப்புக்குச் சில நாள் முன் உளுந்தும் பயறும் தெளிக்கும் தஞ்சை ஜில்லா வழக்கம் பின்பற்றத்தக்கது. கோடையுழவால் மழைநீர் இறங்குதல், பூச்சிக்கூடு அழிதல் முதலிய பயன் உண்டு. அதற்குச் சரிவுக்குக் குறுக்கே ஓர் உழவு போதும். பழக்கத்துக்காக உழும் வீண் உழவுகள் கரியைக் கரைப்பன.

5. கொறங்காடும் தோப்பும் வைத்திருப்போர் அவற்றை உழுமுன் நன்கு யோசிக்கவேண்டும். மூன்று வருஷ லாபத்தைப் பார்க்காமல் பத்தாம் வருஷ விளைச்சலைக் கணக்கிட்டு முடிவு செய்க. உழுதே தீரவேண்டுமாயின், சரிவுக்குக் குறுக்கே புல்பட்டைகளை விட்டு இடையே உழுக. முதல் வருஷமே எருவிடத் தொடங்குக. மேய்ச்சலாகவே வைப்போர் காட்டைப் பகுதிகளாக்கி மாற்றி மாற்றி மேய்த்து, புல் தலையெடுக்க இடம்விட வேண்டும்.

இழப்பது எளிது, ஈட்டுவது அரிது என்பதற்கு ஒரு கணக்கு. கரி 0.5 உள்ள நிலத்தை 0.6க்கு உயர்த்த ஏக்கருக்கு 900 கிலோ கரி வேண்டும். வருஷத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கு கரைவதாகக் கொண்டாலும், இருந்ததில் 90 கிலோ போகும். 5 டன் எருவில் ஈரமும் மண்ணும் போகச் சுமார் 600 கிலோ கரி இருக்குமென்றும், அதில் கால்பங்கு நிலைக்குமென்றும் கொண்டால், வரவு 150 கிலோ. மீதம் 60 கிலோ. ஆக, தவறாமல் எருவிட்டாலும் பதினைந்து வருஷம் ஆகும். இது கணக்குக்காகக் கொண்ட அளவே. மண்ணுக்கும் மழைக்கும் ஏற்ப மாறும். ஆயினும் நல்ல நிலத்தை உழுது கெடுத்தபின் திருத்துவதைவிட, கெடாமல் காப்பது எவ்வளவு மலிவு என்பது இதனால் விளங்கும். பதினைந்து வருஷம் காத்திருந்துதான் பயன் காணவேண்டும் என்று சோர்வடையவும் வேண்டாம். நுண்ணுயிர்கள் உணவு கிடைத்த பருவத்திலேயே பெருகத் தொடங்கும். மண் நீர்பிடிக்கும் தன்மை சில வருஷங்களிலேயே திருந்தக் காணலாம்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அவ்வட்டையில் கரிச்சத்தும் குறிக்கப்படுகிறது. நூற்றுக்கு 0.5க்குக் கீழ் குறைவு, 0.5 முதல் 0.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி என்பது வழக்கமான வகுப்பு. தழை, மணி, சாம்பல் சத்துக்களின் வரிகளை மட்டும் படித்துவிட்டு இந்த வரியை விட்டுவிடுவோர் பலர். அதனை எடுத்துக்காட்ட வேண்டும்.

மண் மாதிரி எடுக்கும்போது நஞ்சை, புஞ்சை, தோட்டம், தோப்பு ஆகியவற்றை ஒன்றாய்க் கலத்தல் கூடாது. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து இடங்களில் 6 அங்குல ஆழத்துக்கு ஆங்கில வி எழுத்து வடிவில் வெட்டி, பக்கத்து மண்ணைச் சீராய்ச் செதுக்கி எடுத்து, ஒன்றாய்க் கலந்து, நான்காய்ப் பிரித்து எதிர்ப்பங்குகளை நீக்கி, அரைக் கிலோ வரும்வரை குறைக்க வேண்டும். வரப்பு, எருக்குவியல், மரத்தடி ஆகிய இடங்களைத் தவிர்க்க வேண்டும்.

மேய்ச்சற் புறம்போக்கும், கோயிற்காடும், ஏரிக்கரை மரங்களும் வெறும் வெற்றிடங்கள் அல்ல. அவை ஊருக்குத் தழையும் சாணமும் தரும் பொதுப் பண்டசாலை. அவற்றில் ஆக்கிரமிப்பு நேராமல் காப்பதும், ஏரி வண்டலை விதிப்படி குடிகள் தம் செம்மண் காடுகளுக்கு ஏற்றிச்செல்ல உதவுவதும், ஊர்க்குப்பையைத் தீயிடாமல் குழியிலிட ஏற்பாடு செய்வதும் பயிர்த்தொழிலுக்குச் செய்யும் உபகாரமாகும்.

முடிவாகச் சொல்வது இதுவே. உழாமல் எவரும் உண்ண முடியாது. ஆகவே உழவை விடும்படி நாம் சொல்லவில்லை. நிலத்திலிருந்து எடுத்ததில் ஒரு பங்கை நிலத்துக்கே திருப்பவேண்டும் என்கிறோம். சோளக்காடு நான்காம் வருஷம் ஏன் சோர்ந்தது என்று கேட்ட நண்பருக்கும் நமது விடை இதுவே. அவர் வருகிற மழைக்கு முன் ஒரு பகுதியில் மாத்திரம் கிடை அமர்த்தி, தட்டைப்பயறு ஊடுபயிராய் விதைத்து, மற்றப் பகுதியை வழக்கம்போல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். வேலியோரத்துக் கிளுவையடியில் ஒருபிடி மண்ணும் எடுத்து அருகில் வைத்துக்கொள்ளட்டும். தம் நிலம் முன்பு எப்படி இருந்தது, இனி எவ்வளவு தூரம் திரும்பவேண்டும் என்பதை அந்த ஒரு பிடி மண் அவருக்குக் காட்டும்.